ஆப்பிள் பறிக்க மறுத்த கை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரோபோ வந்த வைபவத்தை நான் நேரில் பார்த்தேன். 'எங்கள் ஆஸ்பத்திரி' என்று சொல்வதால் எனக்கு அதில் ஏதோ பங்கு இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். திருவொற்றியூர் பக்கம், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. வீட்டுக்காரர் சில வாரம் படுத்துக்கிடந்தால் எந்த ஆஸ்பத்திரியும் மனைவிக்குச் சொந்தமாகிவிடும். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த லிஃப்ட் பாதியில் நிற்கும், எந்த ஆயாவிடம் எப்போது பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலின் மேல்தளத்தில், சரக்கு இறங்கும் பெரிய வாயின் விளிம்பில் நின்றுகொண்டு, கிரேன் ஓட்டுபவருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. கிரேன் ஓட்டுபவர் எங்கோ உயரத்தில் கூண்டுக்குள் இருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் ஆள் நிற்கிறானா, மூட்டை கிடக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. கீழே நிற்கும் இந்த மனிதரின் வலது கையைத்தான் பார்ப்பார். கை சொன்னால் சரக்கு நகரும். கை மூடினால் அந்தரத்தில் நிற்கும். வீட்டில் ஒரு தம்ளரைக்கூட எடுத்து வைக்காத கை, அங்கே டன் கணக்கில் இரும்பை நகர்த்தியது. இந்தப் பெருமையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், குறிப்பாக நான் தம்ளரை எடுத்து வைக்கச் சொல்லும்போது.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு வெறும் சத்தமாகிப்போனது. ராயபுரத்தின் சந்துகளுக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது என்பதால், பக்கத்து வீட்டு ஆட்டோவில் மடித்துப் போட்டுத்தான் கொண்டுவந்தோம்.

கால் மெதுவாக வந்தது. பிடித்துக்கொண்டால் நாலடி வைத்தார். கை மட்டும் வரவில்லை. மெத்தைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடந்தது. பெரிய டாக்டர் ஒருநாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "இந்தச் சில வாரத்துக்குள்ள கை அசைஞ்சா நல்லதும்மா. அசையலன்னா அப்புறம் கஷ்டம்" என்றார். நோயாளிக்குப் பேச்சு வராவிட்டால் காதும் கேட்காது என்று டாக்டர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போலும். இவருக்கு எல்லாம் கேட்டது. அன்றைக்குச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாடு ஊட்டினால் வாயைத் திறப்பார், முடிந்ததும் சுவர். மருமகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் சுவர்.

கை வராமல் போனால்கூட நான் சமாளித்துவிடுவேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது பெரிய காரியமா? ஆனால் இந்த மனிதர் மிச்சம் இருக்கும் காலத்தைச் சுவரைப் பார்த்தே ஓட்டிவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

இந்த நிலைமையில்தான் ரோபோ வந்தது. வார்டு வாசலில் பலூன் கட்டினார்கள். மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, அந்த வெக்கையிலும் கழற்றாமல் பேசினார். செவிலியர்களின் தோழி, நோயாளிகளின் நண்பன், வடசென்னையின் பெருமை என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். கேக் வெட்டினார்கள். ரோபோ சாப்பிடாததால் அதன் பங்கையும் சேர்த்துச் சர்க்கரை வியாதிக்காரர்கள் சாப்பிட்டார்கள்.

ரோபோ என்றதும் நான் கை கால் வைத்த ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன். வந்தது இடுப்பளவு உயர வெள்ளை அலமாரி. அடியில் சக்கரம், நடுவில் பூட்டுப் போட்ட இழுப்பறைகள், மேலே ஒரு திரை, திரையில் இரண்டு நீலக் கண்கள். கண்கள் அடிக்கடி இமைத்தன. எதற்கு என்று கேட்டேன். அன்பாகத் தெரிவதற்காம்.

அது உருண்டு வரும்போது, "வணக்கம். தயவுசெய்து வழி விடுங்கள்" என்று தேன் ஒழுகச் சொல்லும். எங்கள் பக்கத்தில் வழி கேட்கிறவர்கள் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. பழக்கமில்லாததால் யாரும் நகரவில்லை. அது பாட்டுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே நிற்கும். கடைசியில் ஆயா வந்து, "தள்ளிக்கங்கய்யா, காது கேக்கல?" என்று ஒரு சத்தம் போட்டால் பாதை திறக்கும்.

மேனேஜர் தன் பேச்சில் இன்னொரு நல்ல செய்தியும் சொன்னார். ரோபோ வந்துவிட்டதால் இனி அட்டெண்டர்கள் நாள் முழுக்க இருக்கத் தேவையில்லையாம். பார்வை நேரத்துக்கு வந்து போனால் போதுமாம். அட்டெண்டர் என்றால் வேறு யாருமில்லை, கட்டிலுக்குக் கீழே பாயும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு குந்தியிருக்கும் என்னைப் போன்றவர்கள்தான். மருந்துச் சீட்டோடு கீழே ஓடுவது, ரத்தக் குப்பியை லேபுக்குக் கொண்டுபோவது, டிரிப்ஸ் தீர்ந்ததும் போய்க் கத்துவது எல்லாம் நாங்கள் பார்த்த வேலை. அதைத்தான் ரோபோ எடுத்துக்கொண்டது. ரோபோ வந்தால் நர்ஸுக்கு வேலை போகும், டாக்டருக்கு வேலை போகும் என்றெல்லாம் டிவியில் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். ரோபோவால் முதலில் வேலையிழந்தவள் ஒரு பெண்டாட்டி என்பதை அவர்களுக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் வார்டு சிஸ்டர் வியாசர்பாடிப் பெண். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். என் வீட்டுக்காரரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். மேனேஜர் என்ன சொன்னாலும் அவள் கண்டும் காணாமல் விட்டதால், பகலெல்லாம் நான் பழையபடி வார்டிலேயே இருந்தேன், சாயங்காலப் பார்வை நேரம் முடிந்ததும்தான் வீட்டுக்குப் போனேன். ரோபோ வந்த சில நாளில் அவளிடம், "உன் தோழி எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"ஐய, அத ஏம்மா கேக்கற? சார்ஜ் போடணும், தொடக்கணும், லிஃப்டுகுள்ள ஏறிச்சான்னு பாக்கணும். பேஷண்ட்ட பாக்கற மாதிரி இத்தயும் பாத்துகினு கீறேன். இதுக்கு பிபி மட்டும்தான் பாக்கல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா பொய் சொல்லக்கூடாதும்மா. மின்னாடி மருந்துக்கும் சீட்டுக்கும் கீய மேல ஓடி, வூட்டுக்குப் போசொல்ல காலு ரெண்டும் வீங்கிப் பூடும். இப்ப ஓடறது அது. நா நைனாகிட்ட ரெண்டு நிமிசம் நிக்க முடியுதுல்ல" என்றாள்.

இதை மேனேஜர் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அவள் சொன்னதால் நம்பினேன்.

அந்த ஆஸ்பத்திரியில் இன்னொரு ரோபோவும் உண்டு. அது பிசியோதெரபி அறையில் இருந்தது. விழுந்த கையை அதன் தொட்டிலில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். எதிரே திரை. திரையில் ஒரு தோட்டம், தோட்டத்தில் ஆப்பிள் மரம். நோயாளி கையை அசைக்க முயன்றால் இயந்திரம் கூடவே தூக்கிக்கொடுக்கும். ஆப்பிளைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். போட்டால் மணி அடிக்கும், "அருமை!" என்று ஒரு குரல் பாராட்டும். போடாவிட்டாலும், "பரவாயில்லை, மீண்டும் முயல்வோம்!" என்று அதே உற்சாகத்தோடு சொல்லும். அவ்வளவு உற்சாகமான குரலை என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் நம்பியதில்லை.

துறைமுகத்து மனிதரிடம் ஆப்பிள் பறிக்கச் சொன்னால் எப்படி? எங்களுக்கு ஆப்பிள் என்பது மரத்தில் காய்ப்பது அல்ல. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் பிரெட் பாக்கெட்டோடு வாங்கிக்கொண்டு வருவது. ஏற்கனவே கட்டிலுக்கடியில் ஒரு பை நிறைய இருந்தது. அவர் கையைத் தொட்டிலில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிசியோ தம்பி கெஞ்சுவார், இயந்திரம் கொஞ்சும், கூடை காலியாகவே இருக்கும். "இவருக்கு மோட்டிவேஷன் இல்லம்மா" என்றார் அந்தத் தம்பி. கல்யாணமான புதிதில் நான் கண்டுபிடித்ததை அவர் அவ்வளவு படித்து இப்போது கண்டுபிடித்திருந்தார்.

இனி அந்த வாசல் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கட்டடத்தையும் புதிய கட்டடத்தையும் ஒட்டவைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி அது. ஒட்டிய இடம் எங்கள் வார்டின் வாசல். அங்கே தரை கொஞ்சம் ஏறி இறங்கும். மறைக்க ஓர் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் தூக்கித் தள்ளிவிட்டுப் போவார்கள். ரோபோவுக்குக் கெட்ட வார்த்தை தெரியாது. சக்கரம் தகட்டில் முட்டும், பின்னால் போகும், மறுபடி முட்டும். பிறகு திரையில் கண்களைச் சோகமாக்கிக்கொண்டு, "தடை உள்ளது. உதவி தேவை" என்று அறிவிக்கும். யாராவது பிடித்துத் தள்ளினால் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு ஓலமிடும்.

இதில் மின்சாரமும் தன் பங்குக்கு விளையாடும். அத்திப்பட்டு, வள்ளூர் அனல்மின் நிலையங்களில் கரியை எரித்து ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுப்பது எங்கள் பக்கம்தான். அதற்கு நன்றிக்கடனாக எங்களுக்குச் சாம்பலும், அவ்வப்போது மின்வெட்டும் கிடைக்கும். கரண்டு போய் ஜெனரேட்டர் உயிர் பெறுவதற்குள் ரோபோவுக்குப் புத்தி தடுமாறிவிடும். "நான் இருக்கும் இடம் தெரியவில்லை" என்று நடுவழியில் நின்று சொல்லும். எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு அதே நிலைமைதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கட்டில் வாசலுக்கு நேர் எதிரே. அடுத்த கட்டிலில் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், கால் விரலில் ஆபரேஷன் ஆனவர். நாள் முழுக்கப் படுத்திருக்கும் அவருக்கு ரோபோ தகட்டில் மாட்டுவதுதான் பொழுதுபோக்கு. தூரத்தில் வணக்கச் சத்தம் கேட்டதுமே தலையணையை முதுகுக்குக் கொடுத்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். "தோஸ்து, கப்பல் வந்துகினு கீது பாரு" என்பார் என் வீட்டுக்காரரிடம். இவர் சுவரைத்தான் பார்ப்பார். பாயும் பதிலுக்காகச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை ரவுண்டுக்கு டாக்டர் வரும் நேரம். மருந்துகளோடு வந்த ரோபோ தகட்டில் மாட்டிக்கொண்டது. சிஸ்டர் கையில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதில் விரலால் தேய்த்தால் ரோபோவைக் கையால் ஓட்டலாம். ஆனால் அவள் நின்றது ரோபோவுக்குப் பின்னால். முன் சக்கரம் அவளுக்குத் தெரியவில்லை. இடது பக்கம் ஓட்டினாள், கதவில் இடித்தது. வலது பக்கம் ஓட்டினாள், ஆயாவின் வாளியில் இடித்தது. ஆயா ஒரு யோசனை சொன்னாள், பாய் ஒரு யோசனை சொன்னார், தண்ணீர் பிடிக்கப் போனவர்களெல்லாம் நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கட்டிலிலிருந்து "ஹ்ம்ம்" என்று ஓர் உறுமல் கேட்டது. திரும்பினேன். என் வீட்டுக்காரர் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். முகத்தில் பொறுக்க முடியாத எரிச்சல். பொங்கலுக்கு உப்புப் போட மறந்த நாளில் என்னைப் பார்த்த அதே பார்வை. இடது கையைத் தூக்கி சிஸ்டரைப் பார்த்து நீட்டினார். உள்ளங்கையால் எதையோ பின்னுக்குத் தள்ளுவது போலக் காட்டினார். அவளுக்கு முதலில் புரியவில்லை. நான்தான், "பின்னால எடுக்கச் சொல்றாரு, எடும்மா" என்றேன். எடுத்தாள். கை மூடியது. நிறுத்தினாள். இரண்டு விரல் இடது பக்கம் சாய்ந்தன. கொஞ்சம் திருப்பினாள். பிறகு உள்ளங்கை அவரை நோக்கி மெல்ல மெல்ல வா என்றது. சக்கரம் தகட்டின் படிந்த முனையில் ஏறி, ஒரு சின்னக் குலுக்கலோடு இந்தப் பக்கம் இறங்கியது.

"நன்றி" என்றது ரோபோ, பொதுவாக எல்லாருக்கும்.

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய். இவர் யாரையும் பார்க்காமல் படுத்துக்கொண்டார். ஆனால் சுவர் பக்கம் திரும்பவில்லை, மல்லாந்து படுத்தார். எங்கள் நிலைமைக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ரோபோ மாட்டும், சிஸ்டர் டேப்லெட்டோடு நின்று, "நைனா, சிக்னல் குடு" என்பாள். இவர் கொடுப்பார். பாய் வேடிக்கை பார்க்க எழுந்து உட்காருவார். ஆப்பிள் தோட்டத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர், இங்கே வணக்கச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினார். ஒரு சரக்கு தாறுமாறாகப் போய் இடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. எத்தனையோ நாள் என் சமையலறையில் பால் பொங்கி வழிந்தபோது அந்தப் பதற்றம் அவருக்கு வந்ததில்லை. அது வேறு விஷயம்.

பிறகு அவருடைய இடது கையில் ஊசி குத்தி, அட்டை வைத்துக் கட்டி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். அன்றும் ரோபோ வந்தது. அன்றும் மாட்டியது. சிஸ்டர் வழக்கம்போல நின்று அவரைப் பார்த்தாள். நான் ஓர் ஆப்பிளை நறுக்கிக்கொண்டு, இந்த ஆஸ்பத்திரிக்குத் தகட்டை அடிக்க ஓர் ஆணி வாங்க வக்கில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ரோபோ பின்னால் போனது, திரும்பியது, தகட்டைத் தாண்டியது. ஆனால் சிஸ்டர் நகரவில்லை. டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"யம்மா. நைனா எந்தக் கைய காட்டுச்சு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. புலம்பிக்கொண்டிருந்தேன். மெத்தைமேல் கிடந்த வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக மடங்கி, வா, வா என்றுகொண்டிருந்தது. ரோபோ எப்போதோ தாண்டிவிட்டது. விரல் இன்னும் அழைத்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த கத்தி நழுவித் தட்டில் விழுந்தது. அவரும் அந்தச் சத்தத்தில் குனிந்து தன் விரலைப் பார்த்தார். பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"இன்னொரு தபா ஆட்டு நைனா" என்றாள் சிஸ்டர். அவர் நெற்றி நரம்பு புடைக்க முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை. கேட்டுக்கொண்டால் வராது அந்தக் கை. ரோபோ மாட்டினால் மட்டும் வரும்.

சிஸ்டர் கெட்டிக்காரி. யாரிடமும் சொல்லவில்லை. மதியம் ஒன்றுமே வைக்காத ரோபோவை எங்கள் வார்டுக்கு அழைத்தாள். அது வந்தது, மாட்டியது, உதவி கேட்டது. அவள் அவருடைய இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். வலது கையின் விரல் அசைந்தது. அன்று முதல் காலி அலமாரி ஒன்று எங்கள் வார்டுக்குச் சும்மா சும்மா வந்து முட்டி நின்றது. டேப்லெட் ஆயாவின் கைக்குப் போனது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன, மணிக்கட்டு வந்தது, பிறகு முழங்கை மெத்தையிலிருந்து எழும்பியது. கட்டிமுடித்த நாளிலிருந்து அந்தத் தகட்டை நொந்துகொண்டிருந்த வார்டு, இப்போது யாரும் அதைச் சரிசெய்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டது. ரோபோக்கள் நோயாளிகளுக்கு உதவுகின்றன என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, அதில் பொய்யே இல்லை. சரியான இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தால் போதும்.

பெரிய டாக்டர் கையைப் பரிசோதித்துப் பூரித்துப்போனார். பெருமை யாருக்குப் போனது? ஆப்பிள் தோட்டத்துக்கு. மறுநாளே மேனேஜர், கோட்டு, கேமராக்காரர் சகிதம் வந்துவிட்டார். என் வீட்டுக்காரரைப் பிசியோ அறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், பட்டை போட்டுக் கட்டி, திரையில் ஆப்பிளை வரவழைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கோணலாக இருந்த வாயைக் கேமராக்காரர் சிரிப்பென்று எடுத்துக்கொண்டார். கூடை அன்றும் காலிதான். அந்தப் படம் இன்றைக்கும் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது, 'நம்பிக்கை தந்த ரோபோ கரம்' என்ற வாசகத்தோடு.

படம் எடுத்துவிட்டு மேனேஜர் எங்கள் வார்டையும் ஒரு பார்வை பார்க்க வந்தார். கேமரா முன்னால் செவிலியர்களின் தோழி தகட்டில் முட்டி, "உதவி தேவை" என்று கதறியது. அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாரக்கணக்கில் சொன்னால் வராத ஆட்கள் அன்று மாலையே வந்தார்கள். தகட்டைப் பெயர்த்தார்கள், சிமெண்டு போட்டார்கள், சரிவு கட்டி வழவழவென்று தேய்த்தார்கள்.

காய்ந்ததும் ரோபோ வந்தது. "வணக்கம். தயவுசெய்து வழி விடுங்கள்" என்ற குரல் கேட்டு இவர் தயாரானார். வலது கை மெத்தையிலிருந்து ஒரு சாண் எழும்பிக் காத்திருந்தது. ரோபோ சரிவில் வெண்ணெய் போல வழுக்கி ஏறி, இறங்கி, அவரைக் கடந்து மருந்து அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. எழும்பிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கீழே இறங்கியது. அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தோஸ்து" என்றார் பாய். முதுகுக்குக் கொடுத்திருந்த தலையணையை உருவிப் போட்டுத் தானும் படுத்துக்கொண்டார்.

அடுத்தடுத்த நாட்கள் மோசமாகப் போயின. கை மறுபடி அசையாமல் கிடந்தது. பயிற்சியை விட்டால் வந்ததும் போய்விடும் என்று பிசியோ தம்பி எச்சரித்தார். சிஸ்டர் ரோபோவின் வழியில் ஒரு தலையணையைப் போட்டுப் பார்த்தாள். ரோபோ அதைச் சுற்றிக்கொண்டு போய் நன்றி சொன்னது. யாரோ வந்து அதற்குப் புத்தி கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் சாப்பாட்டுத் தள்ளுவண்டியை வாங்கி, வாசலில் கோணலாக நிறுத்தி, "ஐயோ, மாட்டிக்குச்சே" என்று நடித்தேன். சரக்கு நிஜமாகத் தடுமாறுவதற்கும் பெண்டாட்டி நாடகம் போடுவதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாதா? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பார்வை நேரம் முடிகிற சமயம். மாத்திரையைக் கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என்னையறியாமல் வெடித்தேன்.

"யோவ், அந்த டப்பாக்கு மட்டும் கை காட்டத் தெரிஞ்சுதுல்ல? அது உன்ன ஒரு தபா திரும்பிப் பாத்துச்சா? இங்க மனுசி ஒருத்தி நாள் பூரா குந்திகினு கீறேன், எனுக்கு ஒரு வெரல ஆட்ட முடியல உன்னால. செவுத்தயே பாத்துகினு கெட. நா வூட்டுக்குப் போறேன்."

பாய் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பையை எடுத்தேன், பிளாஸ்க்கை எடுத்தேன், விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தேன். நடைபாதையில் ரோபோ உலா வந்துகொண்டிருந்தது. "பார்வை நேரம் முடிந்தது. உறவினர்கள் தயவுசெய்து வெளியேறவும்" என்றது. போகிறேன், நீயே பார்த்துக்கொள் என்று அதனிடமும் சொல்லிவிட்டு ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தேன்.

"ஹோய்!"

கப்பல் தளத்திலிருந்து கிரேன் கூண்டு வரைக்கும் கேட்க வேண்டிய சத்தம் அது. வார்டே அதிர்ந்தது. திரும்பினேன். அவர் சுவரை விட்டுத் திரும்பியிருந்தார். வலது கை மெத்தையை விட்டு எழும்பி, தோள் உயரத்துக்கு வந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. அவ்வளவு உயரம் அது போய் நான் பார்த்ததில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி மூடின. நிறுத்து.

நின்றேன். வெளியே வைத்த காலை உள்ளே எடுக்கப் போனேன்.

"யக்கா, அவரு சொல்லாம நவுராத" என்றார் பாய், செய்தித்தாளை இறக்காமல். "இப்ப லோடு நீதான்."

மூடிய விரல்கள் திறந்தன. உள்ளங்கை அவரை நோக்கித் திரும்பி, வா என்றது. மெதுவாக, மெதுவாக. ஓரடி வைத்தேன். இரண்டு விரல் சாய்ந்து இடது பக்கம் என்றன. டிரிப்ஸ் கம்பியில் என் பை மாட்டப் பார்த்தது. விரல்கள் மூடின, நின்றேன். பையை ஒதுக்கிக்கொண்டதும் மறுபடி வா என்றன. கையிலே பிளாஸ்க்கும், கண்ணிலே நீருமாக, கொழுத்த சரக்கு ஒன்று கட்டில் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஸ்டூலுக்கு முன்னால் விரல்கள் மீண்டும் மூடின. பிறகு உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கப்பலின் வயிற்றுக்குள் சரக்கை அலுங்காமல் இறக்கும்போது காட்டும் சைகை அது. நான் உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் அந்தக் கை மெத்தையில் விழுந்தது. அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

வாசலில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவளுக்குப் பின்னால் ரோபோ, உறவினர்கள் தயவுசெய்து வெளியேறவும் என்று மறுபடி ஆரம்பித்தது. அவள் அதன் தலையில் எதையோ அழுத்தினாள். பேச்சு நின்றது.

"அது சொல்லிகினே கெடக்கும். நீ குந்தும்மா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை என்னைப் பார்த்து எத்தனையோ தடவை அசைந்திருக்கிறது. தண்ணி கொண்டா என்று, கதவைச் சாத்து என்று, சும்மா இரு என்று, அப்புறம் பேசலாம் போ என்று. உட்கார் என்று சொன்னது அன்றைக்குத்தான்.